பதவி கேளாத முன்னணியினர்

(ஊழியர் பயிற்சிக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஓர் ஊரைப்பற்றிக் கூறி இந்த உரையைத் தொடங்குகிறேன். அதன் பெயர் மானோவை. அமெரிக்க நாட்டின் நடுவிலே, நெப்ராஸ்கா எனும் மாநிலத்தின் வடபகுதியில் இருக்கிறது. 1930-களில் ஏறத்தாழ 150 பேர் அங்கே வாழ்ந்தனர். இரயில் நின்று சென்றது. அஞ்சல் நிலையம் இருந்தது. பிள்ளைகள் படிக்கும் ஓசை கேட்டது. 2010-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுத்தவர்கள் அந்த ஊரின் பெயருக்கு எதிரே எழுதிய எண் என்ன தெரியுமா? ஒன்று! ஊருக்கு ஒரே ஒருவர். அவரும் வயது முதிர்ந்த அம்மையார். அவரே மேயர், அவரே எழுத்தர், அவரே கருவூலக்காரர். அவர் நடத்திய மதுக்கடைக்கு உரிமம் வேண்டுமென்றால் அவரே எழுதி, அவரிடமே கொடுத்து, அவரே கையொப்பமிட வேண்டும். அவருடைய கணவர் சேர்த்து வைத்துவிட்டு மறைந்த நூல்களைக்கொண்டு ஒரு சிறு நூலகத்தையும் அந்த அம்மையார் திறந்து வைத்திருந்தார்.

சிரிக்கிறீர்கள். நானும் முதலில் சிரித்தேன். பிறகு அந்த நூலகத்தை எண்ணிக்கொண்டேன், சிரிப்பு நின்றுவிட்டது. படிக்க ஊரில் ஆளில்லை. ஆனாலும் கதவு திறந்திருக்கிறது. யாருக்காக? வருகிறவருக்காக. ஊர் என்று ஒன்று இருக்குமானால் அதற்கு நூலகம் ஒன்று இருக்க வேண்டும் என்று நினைக்கிற மனம் அது. அந்த மனம் படைத்தவர்கள், கூலியின்றி, பட்டமின்றி, பல நூறு ஊர்களில் சேர்ந்து செய்கிற ஒரு வேலையைப்பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நெப்ராஸ்கா என்றதும் உங்களிற் பலருக்கு ஏதும் நினைவுக்கு வராது. அமெரிக்கா என்றால் வானளாவிய கட்டடம், வால் தெரு வாணிகம், வெள்ளை மாளிகை! அவ்வளவுதான் நமது பத்திரிகைகள் நமக்குக் காட்டியது. ஆனால் அந்தச் சமவெளி மாநிலத்திற்கு ஒரு அரசியல் வரலாறு உண்டு. அதை அறியாமல் இந்த அறநிதிக் கதை விளங்காது.

1862-இல் ஆபிரகாம் லிங்கன் காலத்தில் குடியேற்ற நிலச் சட்டம் வந்தது. ஐந்தாண்டுகள் தங்கி உழுதால் 160 ஏக்கர் உனக்குச் சொந்தம் என்றது சட்டம். 1863 சனவரி முதல் நாளன்று அச்சட்டத்தின்கீழ் மனுச் செய்தவர்களுள் முதல்வராகக் கருதப்படுபவர், நெப்ராஸ்காவில் பியாட்ரிஸ் என்னும் இடத்தருகே நிலம் பெற்றவர். உழுபவனுக்கு நிலம் என்ற முழக்கத்தை நாம் எழுப்புவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே அது அங்கே சட்டமாயிற்று. மகிழலாம். ஆனால் நிலம் யாருடையது? பானி, ஒமாஹா, ஓட்டோ, போன்கா எனும் பழங்குடி மக்களுடையது. 1877-இல் போன்கா மக்களை அவர்களுடைய மண்ணிலிருந்து பெயர்த்துத் தெற்கே துரத்தினர். இறந்த மகனைத் தாய்மண்ணில் புதைக்கவேண்டுமென்று நடந்தே திரும்பிய அவர்களுடைய தலைவர் நிற்கும் கரடி என்பவரைச் சிறைப்பிடித்தனர். 1879-இல் ஒமாஹா நகர நீதிமன்றம், 'செவ்விந்தியனும் சட்டத்தின் முன் மனிதனே' எனத் தீர்ப்பளித்தது. மனிதன் மனிதன்தான் என்பதற்கும் ஒரு தீர்ப்பு வேண்டியிருந்தது, பாருங்கள்!

அதே ஒமாஹாவில்தான் 1892 சூலையில் உழவரும் தொழிலாளரும் கூடி மக்கள் கட்சியின் கொள்கை அறிக்கையை வெளியிட்டனர். இரயில் முதலாளிகளும் வங்கிக்காரரும் உழவனை உறிஞ்சுவதை எதிர்த்து எழுந்த கட்சி அது. கட்சி நெடுநாள் நிலைக்கவில்லை. அதன் சுவடு நிலைத்தது. நெப்ராஸ்கா சட்டமன்றத்திற்கு மேலவை கிடையாது. 1937 முதல் ஒரே அவைதான். மாநிலம் முழுவதற்கும் மின்சாரம் தருவன மக்களுக்குச் சொந்தமான பொது அமைப்புகளே. தனியார் மின் கம்பெனி அங்கே இல்லை. தனியுடைமைக் கோட்டை எனப்படும் அந்த நாட்டிற்குள் இப்படி ஒரு மாநிலம்! 1982-இல், பெருங் கம்பெனிகள் விளைநிலத்தை வாங்கக் கூடாது என்று மக்களே வாக்களித்து அரசியல் சட்டத்தில் ஒரு விதியைச் சேர்த்தனர். 2006-இல் கூட்டரசு நீதிமன்றம் அவ்விதி செல்லாது என்று தள்ளிவிட்டது. மக்கள் வாக்கு 24 ஆண்டுகள் காத்த வேலியை நீதிமன்றத் தீர்ப்பொன்று பிடுங்கி எறிந்தது.

வேலி இருந்தபோதே ஊர்கள் வற்றத் தொடங்கிவிட்டன என்பதையும் மறைக்காமல் கூற வேண்டும். மேற்குப் பகுதியின் வறண்ட மண்ணில் 160 ஏக்கர் ஒரு குடும்பத்தைத் தாங்கவில்லை. 1930-களில் வறட்சி, புழுதிப் புயல். பின்னர் இயந்திரம் வந்தது. பத்துக் குடும்பம் உழுத நிலத்தை ஒரு குடும்பம் உழுதது. 1980-களில் கடன் நெருக்கடி. வட்டி ஏறிற்று, நிலத்தின் விலை சரிந்தது, பண்ணைகள் ஏலத்திற்கு வந்தன. மாநிலத்தில் 93 கவுண்டிகள். நமது வட்டங்களைப் போன்றவை எனக் கொள்க. அவற்றிற் பல, முந்திய நூற்றாண்டின் முற்பகுதியில் கண்ட மக்கள்தொகையை அதன்பின் கண்டதே இல்லை. பள்ளி மூடினால் இளங் குடும்பம் போகும். இளங் குடும்பம் போனால் கடை மூடும். கடை மூடினால் மருத்துவர் போவார். ஒன்றைத் தொட்டு ஒன்று சரியும்.

இந்த நிலையில், 1993-இல், நெப்ராஸ்கா சமூக அறநிதி என்ற அமைப்பு பிறந்தது.

அறநிதி என்றதும் உங்களுக்கு ஐயம் எழும். எழத்தான் வேண்டும்! கோடீசுவரன் ஒரு கையால் பறித்து மறு கையால் கிள்ளிக் கொடுப்பதற்குப் பெயர்தானே அறக்கட்டளை என்பீர்கள். 1913-இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு, 1914 ஏப்ரலில், நெப்ராஸ்காவை அடுத்த கொலராடோவில், லட்லோ என்னும் இடத்தில், ராக்ஃபெல்லர் குடும்பத்தின் ஆதிக்கத்திலிருந்த சுரங்கக் கம்பெனியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர்களின் கூடாரங்கள் கொளுத்தப்பட்டன. பெண்களும் குழந்தைகளும் மாண்டனர். உதிரம் தோய்ந்த கையில் உதவிப் பணமா என்று அந்நாட்டிலேயே கேட்டார்கள். அரசாங்கக் குழு அந்த முதலாளியைக் கூப்பிட்டு வைத்து வினவிற்று. ஆகவே உங்கள் ஐயம் புதிதல்ல, தவறுமல்ல.

நான் கூறும் அறநிதியோ வேறு வகை. அதுவும் 1914-இல்தான் பிறந்தது, கிளீவ்லாந்து நகரில். பிரெடரிக் காஃப் என்ற வழக்கறிஞர், ஒரு நம்பிக்கை வங்கியின் தலைவர், ஒரு தொல்லையைக் கண்டார். இறந்தவர்கள் எழுதி வைத்த உயில்களால் எழுந்த தொல்லை. செயிண்ட் லூயி நகரில் முல்லன்ஃபி என்பவர் 1851-இல் இறந்தார். மேற்கே குடியேறப் போகும் ஏழை வழிப்போக்கருக்கு உதவ வேண்டுமென்று தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை எழுதி வைத்தார். நல்ல நெஞ்சம்! ஆனால் இரயில் வந்தது. மாட்டு வண்டியில் மேற்கே போவோர் மறைந்தனர். பணம் இருக்கிறது, வாங்க ஆளில்லை; வேறு செலவு செய்ய உயில் இடந்தரவில்லை. 'இறந்தவர் கை' இருப்பவர் தொண்டையைப் பிடிக்கிறது என்று காஃப் கண்டார். அவர் சொன்ன வழி எளியது: பலரும் தரும் பணம் ஒரே நிதியாக இருக்கட்டும், அதை எப்படிச் செலவிடுவது என்பதை அந்தந்தக் காலத்தில் உயிரோடு இருக்கும் ஊர்க் குழுவொன்று முடிவு செய்யட்டும், குழுவினருக்கு ஊதியம் வேண்டாம். கிளீவ்லாந்தில் ஐவர் குழு அமைந்தது. வங்கி இருவரையும், மேயர் ஒருவரையும், நீதிபதிகள் இருவரையும் நியமித்தனர். அந்தக் குழு தன் தொடக்க காலத்தில் என்ன செய்தது? கஞ்சித் தொட்டி திறக்கவில்லை. 1915-இல் நகரத்துப் பள்ளிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று ஆராய ஆளமர்த்திற்று!

நகரத்தின் ஏற்பாடு அது; நியமனக் குழு. நெப்ராஸ்காவில் அது நாட்டுப்புறத்துக்கு வந்தபோது உருமாறிற்று. லிங்கன் நகரில் ஒரு தலைமை அலுவலகம். கணக்கு, தணிக்கை, வரிவிலக்கு, முதலீடு ஆகியவை அங்கே. ஊருக்கு ஊர் இணைந்த நிதிகள். ஒவ்வொன்றுக்கும் ஊராரே அடங்கிய குழு. இருநூறுக்கும் மேற்பட்ட ஊர்கள். குழுக்களில் ஏறத்தாழ 1,500 பேர். அவர்கள் ஊதியம் பெறுவதில்லை. எதற்குச் செலவிடுவது என்பதை ஊர்க்குழு முடிவு செய்கிறது. 600 பேர் வாழும் ஊருக்குத் தணிக்கையாளரும் வழக்கறிஞரும் வைத்துக்கொள்ள வசதி ஏது? அந்தப் பளுவைத் தலைமை சுமக்கிறது; முடிவை ஊர் சுமக்கிறது. இந்தப் பங்கீட்டை நன்றாகக் கவனியுங்கள். நம்மிற் பலர் இதைத் தலைகீழாகச் செய்து வருகிறோம்.

யார் இந்தத் தொண்டர்கள்? பள்ளி ஆசிரியை, விதைக் கடைக்காரர், ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், செவிலி, பண்ணையாள். அவர்களுக்குள்ளேயே ஒருவர் தீயணைக்கும் படையிலும் இருப்பார். அங்கே நாட்டுப்புறத் தீயணைப்பு பெரும்பாலும் தொண்டர் வேலை. பகலில் தம் பிழைப்பு, மாலையில் கூட்டம். கூட்டம் என்றால் பந்தலும் ஒலிபெருக்கியும் அல்ல. நூலகத்தில் நாலு நாற்காலி, அல்லது ஒருவர் வீட்டுச் சமையலறை மேசை.

அவர்களுடைய வேலையிலே மிகக் கடினமானது எது என்று நினைக்கிறீர்கள்? கட்டடம் எழுப்புவதா? அல்ல. அண்டை வீட்டுக்காரரிடம் சென்று, "ஐயா, தாங்கள் இறந்தபின் தங்கள் சொத்து எங்கே போகும்?" என்று கேட்பது!

இதைக் கேட்கும் துணிவு உங்களில் எத்தனை பேருக்கு உண்டு? தேர்தலில் வாக்குக் கேட்கலாம். நன்கொடைப் புத்தகத்தை நீட்டலாம். ஒருவரிடம் அவருடைய சாவைப்பற்றிப் பேசுவதற்கு, முப்பது ஆண்டுகள் அவரோடு நேர்மையாகப் பழகியிருக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் எந்த அதிகாரியும் இதைச் செய்ய முடியாது. கூலிக்கு வந்தவர் கேட்டால் கதவு சாத்தப்படும்.

ஏன் கேட்கிறார்கள்? 2000-க்குப் பின்னர் அந்த அறநிதி ஒரு கணக்கெடுத்தது. ஊரிலே மூத்த தலைமுறை. கையில் காசில்லை, ஆனால் நிலம் இருக்கிறது. பிள்ளைகளோ ஒமாஹாவில், டென்வரில், கலிபோர்னியாவில். பெற்றோர் கண்மூடினால் நிலம் விற்கப்படும். பணம் நகரத்துக்குப் போய்விடும். நூறாண்டு அந்த ஊர் மண்ணில் விளைந்த செல்வம் ஒரே தலைமுறையில் ஊரைவிட்டு வெளியேறும். நாட்டுப்புறக் கவுண்டிகளில் முதியோர் மிகுதி. ஆகவே இந்த வெளியேற்றம் நகரத்தைவிட அங்கே விரைவில் உச்சம் அடைகிறது. காத்திருக்க நேரமில்லை. எனவே அவர்கள் கேட்டது நூற்றுக்கு ஐந்து: 95 பங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், ஐந்து பங்கை ஊருக்கு எழுதி வையுங்கள் என்றார்கள். ஊரையும் ஒரு பிள்ளையாக எண்ணுங்கள் என்பது இதன் பொருள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு 640 ஏக்கர். ஏக்கர் 5,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 32 இலட்சம் டாலர். நூற்றுக்கு ஐந்து என்றால் 1,60,000 டாலர். அதை முதலாக வைத்து நூற்றுக்கு நான்கு வீதம் எடுத்தால் ஆண்டுக்கு 6,400 டாலர். இவ்வளவுதானா என்பீர்கள். பத்துக் குடும்பம் கொடுத்தால்? ஆண்டுக்கு 64,000 டாலர். ஒரு சிற்றூருக்கு, ஒவ்வோர் ஆண்டும், முதல் குறையாமல்! குழந்தைகள் காப்பகம், நூலகம், வெளியிலிருந்து வரும் ஆசிரியருக்கு வீடு, கோடை விடுமுறையில் கல்லூரி மாணவரைச் சொந்த ஊருக்கு அழைத்து வேலை கொடுக்கும் திட்டம் ஆகியவற்றுக்கு இந்தத் தொகை பெரிது. முதலைத் தொடாதே, வரவை மட்டும் செலவிடு என்பது நம் ஊர்ச் சிக்கனக்காரர் அறியாத கணக்கா!

பணம் இல்லாமலும் வேலை நடக்கிறது என்பதற்கு ஒரு சான்று. அம்மாநிலத்தின் மணற்குன்றுப் பகுதியில் கோடி என்று ஓர் ஊர். பெயர்தான் கோடி, மக்கள் ஏறத்தாழ 150 பேர். மளிகைக் கடை மூடிப் பல ஆண்டுகள் ஆயின. உப்பு வாங்க வேண்டுமானால் வாலண்டைன் என்ற ஊருக்கு ஏறத்தாழ 40 மைல் போக வேண்டும். பள்ளி மாணவரும் ஊராரும் சேர்ந்தனர். உதவித் தொகைகளுக்கு மனுப் போட்டனர். வைக்கோல் கட்டுகளை அடுக்கிச் சுவர் எழுப்பினர். 2013-இல் கடை திறந்தது. மாணவர்களே கணக்கு எழுதுகிறார்கள், சரக்கு அடுக்குகிறார்கள், கல்லாவில் உட்காருகிறார்கள். அது அவர்களுக்குப் பாடத்தில் சேர்த்தி. வைக்கோலைக் கொண்டு நாம் போர் போடுகிறோம். அவர்கள் கடை போட்டார்கள்!

இனி, குறைகளைக் கூறாமல் விட்டால் நான் விளம்பரக்காரனாகிவிடுவேன்.

இத்தகைய குழுக்கள் எங்கும் சந்திக்கிற ஆபத்து ஒன்று உண்டு. நேரம் உடையவனுக்கே தொண்டு செய்ய இயலும். வங்கி மேலாளருக்கு மாலை ஐந்து மணிக்கு வேலை முடிகிறது. இறைச்சித் தொழிற்சாலையில் இரவு முறை பார்ப்பவனுக்கு? நெப்ராஸ்காவில் லெக்சிங்டன், ஸ்கைலர் போன்ற ஊர்களில் மெக்சிகோவிலிருந்தும் குவாதமாலாவிலிருந்தும் சோமாலியாவிலிருந்தும் வந்தவர்கள் மாட்டிறைச்சித் தொழிற்சாலைகளில் கத்தி பிடித்து உழைத்தனர். வற்றிய ஊர்களில் மீண்டும் பள்ளிகள் நிரம்பியது அவர்களுடைய பிள்ளைகளால். ஊரின் எதிர்காலத்தை முடிவு செய்யும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி உண்டா? இந்தக் கேள்வியை எந்த ஊர் அறநிதியைப் பார்த்தாலும் முதலில் கேட்பேன். நிலம் வைத்திருந்தவனின் பேரன் மட்டும் உட்காரும் குழு, ஊர்க் குழுவல்ல. பழைய பண்ணையார் சபைக்குப் புதுப் பெயர்.

மற்றொன்று, இன்னும் முக்கியமானது. ஊரார் தாமே செய்துகொள்கிறார்கள், எனவே அரசாங்கம் கையைக் கட்டிக்கொள்ளலாம் என்று கூறுவோர் எந்நாட்டிலும் உண்டு. இது நயவஞ்சகம். பள்ளியும் மருத்துவமும் சாலையும் உரிமை. உயிலில் எழுதி வைத்தால் உண்டு, இல்லையேல் இல்லை என்பதற்கு அவை பிச்சையல்ல. செல்வர் வாழ்ந்த ஊருக்குக் காப்பகம், வறியவர் வாழ்ந்த ஊருக்கு வெறும் வானமா? நெப்ராஸ்கா மக்கள் இதை உணராதவரல்லர். 1991-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. ஊரார் வாக்களித்து ஒப்பினால், தங்கள் ஊரின் தொழில் வளர்ச்சிக்கென வரிப்பணத்தைத் தாங்களே ஒதுக்கிக்கொள்ளலாம். ஆர்ட் என்னும் ஊர் அந்தச் சட்டத்தையும் பயன்படுத்திற்று, அறநிதியையும் வளர்த்தது. வரி ஒரு கால், கொடை ஒரு கால். ஒன்றை வெட்டிவிட்டு மற்றொன்றால் நடக்கச் சொல்வது நொண்டியடிக்கச் சொல்வது.

இவ்வளவு குறை கூறியும், தோழர்களே, அந்த 1,500 பேரை எண்ணும்போது எனக்கு ஏனோ நம்மைப்பற்றிய வெட்கம் வருகிறது. மறைத்து என்ன பயன்? நமது கிளைகளில் நடப்பதென்ன? ஒரு குடிநீர்க் குழாய் வைத்தால் அதைவிடப் பெரிதாகப் பெயர்ப்பலகை. வாசகசாலை திறக்கிற நாளில் மாலை பதினைந்து. அடுத்த ஆண்டு அங்கே நாளிதழ் வாங்கக் காசில்லை. கிளைச் செயலாளர் பதவிக்கு எட்டுப் பேர் போட்டி. கணக்குப் புத்தகத்தை எழுத ஒருவர் கிடைப்பதில்லை! நான் கண்ட ஒரு வாசகசாலை, பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். திறப்பு விழாப் படங்கள் சுவர் நிறைய, அலமாரிக்குப் பூட்டு. சாவி யாரிடம் என்று கேட்டேன். சாவி வைத்திருந்தவர் திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டாராம். போய் இரண்டாண்டு ஆயிற்றாம். மானோவையில் ஒரு மூதாட்டி ஆளில்லாத ஊரில் கதவைத் திறந்து வைக்கிறார். ஆயிரம் பேர் வாழும் ஊரில் நாம் பூட்டிவிட்டுப் போகிறோம்.

அந்த ஊர்க் குழுக்களில் இருப்பவர்கள் பேச்சாளர்களல்லர். அவர்களிடம் நான் காணும் வல்லமை வேறு. ஆண்டுதோறும் வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு என்று ஊர் முன் வைக்கிறார்கள்; தணிக்கை வெளியூரில் நடக்கிறது, ஆகவே அண்டை வீட்டான் அண்டை வீட்டானை ஐயுற வேண்டியதில்லை. தமக்குப் பின் யார் என்று முன்கூட்டியே தேடுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளைக் குழுவில் உட்கார வைத்து, சிறு தொகையைக் கையில் கொடுத்து, நீங்களே பங்கிடுங்கள் என்கிற ஊர்களும் உண்டு. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, விளையாட்டுத் திடலா நூலக விளக்கா என்று வாதாடி வென்றால், பிறகு அவள் எந்த நகரத்துக்குப் போனாலும் அந்த விளக்கை மறப்பாளா? திரும்பி வருவது எல்லாரும் அல்ல. ஆனால் திரும்பி வருவோர் இந்த வழியாகத்தான் வருகிறார்கள்.

நம் ஊர்களும் முதியோர் ஊர்களாகி வருகின்றன. பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில், வளைகுடாவில். பூட்டிய வீடுகளை நீங்கள் உங்கள் தெருவிலேயே எண்ணலாம். நாட்டுக்கு நாடு சட்டம் வேறு, சொத்து வேறு, சாதி எனும் கொடுமை நமக்கென்றே வாய்த்தது. ஆகவே நெப்ராஸ்காவை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து நடமுடியாது. நமது ஊர்ப்பொது என்பதிலேயே சேரி சேர்த்தியா இல்லையா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாம். குழுவின் நாற்காலிகளை எண்ணும்போது அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

அடுத்த மாதம் இதே கூடத்தில் மீண்டும் கூடுகிறோம். வரும்போது தீர்மானங்கள் எழுதிக்கொண்டு வர வேண்டாம். ஒவ்வொருவரும் ஒரு தாள் கொண்டு வாருங்கள். உங்கள் ஊரில் பொதுவுக்கென்று இருப்பவை எவை: கட்டடம், நிலம், மரம், வைப்புப் பணம். அவற்றின் சாவியும் கணக்கும் இன்று யார் கையில். கூலி வாங்காமல், பெயர் கேளாமல், பத்தாண்டுக்கு மேலாக ஏதேனும் ஒரு பொதுவேலை பார்த்துவரும் மூவர் யார். அவர்கள் நம் கட்சியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை. சேரியிலிருந்து ஒருவர், பெண் ஒருவர் அந்த மூவரில் இல்லையென்றால் இன்னும் சரியாகத் தேடவில்லை என்று கொள்ளுங்கள். தாள்களைப் பார்த்துவிட்டு மற்றதைப் பேசுவோம். சாவி திருப்பூருக்குப் போன அந்த ஊர்த் தோழர் இங்கே வந்திருக்கிறார். அவர் மட்டும் தாளோடு சாவியையும் கொண்டு வரட்டும்.